டப்பாவின் பின்பக்கம் எழுதுகிறவள்

ஊறுகாய் டப்பாவின் முன்பக்கத்தை எழுதுகிறவருக்குப் பாராட்டு, பின்பக்கத்தை எழுதுகிறவருக்குப் போனில் வசவு என்பதுதான் எங்கள் தொழிலில் உள்ள ஏற்பாடு.

நான் இருபத்திரண்டு வருஷமாகப் பின்பக்கம். தெலுங்கு பேசுகிற நாச்சாரத்தில் ஊறுகாய், தக்காளிப் பச்சடி, இஞ்சி பூண்டு விழுது செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் லேப் என் பொறுப்பு. என் கையெழுத்து இல்லாமல் எந்தச் சரக்கும் கேட்டைத் தாண்டாது. டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதுவதும் நான்தான். அதற்குக் கீழே அச்சிட்டிருக்கும் போன் நம்பர், என் பாவத்துக்கு, என் மேஜையில் அடிக்கிறது. பாங்குக் கவுன்ட்டரிலோ மின்சார ஆபீஸிலோ ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கவே வேண்டாம். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்னூற்று முப்பது

போனில் தெலுங்கிலோ இந்தியிலோதான் ஆரம்பிப்பேன். அதில் என் தமிழ் வாடை அடித்ததும் தமிழர்கள் சட்டென்று தமிழுக்கு மாறிவிடுவார்கள். அப்படி மாறியவர் ஒரு கோயம்புத்தூர்க்காரர், இங்கே ஐ.டி.யில் வேலை. வாட்ஸ்அப்பில் விஷப் பட்டியல் ஒன்று வந்திருக்கிறதாம், அதில் 330 என்ற நம்பர் இருக்கிறதாம், அதே நம்பர் எங்கள் தக்காளிப் பச்சடியிலும் இருக்கிறதாம்.

பொறுமையாகச் சொன்னேன். 330 என்றால் சிட்ரிக் அமிலம், நம் மளிகைக்கடையில் எலுமிச்சை உப்பு என்று பொட்டலம் கட்டித் தருகிறார்களே அதேதான், உலகம் முழுக்க எல்லாருக்கும் புரியட்டும் என்று ஒரு நம்பர் கொடுத்திருக்கிறார்கள், நம்பர் இருப்பதனாலேயே அதைப் பரிசோதித்து அளவு சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம், எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் வருகிற புளிப்பும் இதுதான் என்றேன். ஒவ்வொன்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றார். சரி, மனுஷனுக்குப் புரிந்துவிட்டது என்று நிம்மதியாக மூச்சு விட்டேன்.

"அப்போ எலுமிச்சம்பழத்துலயும் கலக்க ஆரம்பிச்சுட்டாங்களாங்க?"

சுத்தமான சாப்பாடு

மல்காஜ்கிரியில் எங்கள் எதிர் ஃபிளாட் ஜெயந்தி திருச்சியிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நல்ல பெண். ஒரு நாள் திடீரென்று, இனிமேல் சுத்தமான சாப்பாடுதான் என்று அறிவித்துவிட்டாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். பாக்கெட்டே கூடாது என்றாள். மறுநாள் கதவருகே பெரிய பார்சல் வந்தது. உள்ளே பன்னிரண்டு பாக்கெட் பேரீச்சம்பழ உருண்டை. கேட்டால், "இதுல பேரு தெரியாத சாமானே இல்லக்கா" என்றாள். அதில் மூன்றை நின்றுகொண்டே தின்றாள். வெள்ளைச் சர்க்கரையை விட்டவள் பேரீச்சம்பழத்தின் சர்க்கரையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அவளை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். காய்கறி அதிகம் வாங்கினாள், வீட்டுக்காரருடைய சிப்ஸைப் பூட்டி வைத்தாள், இரண்டுக்கும் நான் கை தட்டினேன். ஆனால் வாயில் நுழையாத பெயர் எதுவும் வயிற்றில் நுழையக் கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தாள் பாருங்கள், அதில்தான் எனக்குக் கோபம். அன்று ஆப்பத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். கையில் ஆப்ப சோடா. அதன் முழுப் பெயர் சோடியம் பைகார்பனேட், நம்பர் ஐந்நூறு என்று சொன்னேன். கரண்டியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது கம்பெனிக்காரங்க போடற சோடாக்கா. இது எங்கம்மா போடற சோடா."

தெரிந்த எதிரி

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மாதம் ஒரு முறை கூப்பிடுவார். எலுமிச்சை ஊறுகாயில் இருக்கிற 211 பற்றி அவருக்குத் தீராத சந்தேகம். அது பூஞ்சை வராமல் தடுக்கிறது, சட்டம் சொல்கிற அளவுக்கு உள்ளேதான் போடுகிறோம், ஒவ்வொரு பேட்ச்சிலும் அளக்கிறேன் என்று நானும் மாதம் ஒரு முறை சொல்வேன். ஒரு தடவை அரை மணி நேரம் ஆனதும் நான் திருப்பிக் கேட்டேன், ஐயா, நீங்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு ஊறுகாய் சாப்பிடுகிறீர்கள் என்று.

மூன்று வேளையும், மோர் சாதத்துக்கு இரண்டு தரம் என்றார். பிரஷர் மாத்திரை உண்டா என்றேன். பதினைந்து வருஷமாக உண்டு என்றார். நான் எங்கள் கம்பெனிக்கே துரோகம் செய்தேன். "ஐயா, 211-ஐ விட்டுத் தள்ளுங்கள். அந்த டப்பாவில் உங்களுக்கு ஆகாதது உப்பு. ஊறுகாயைக் குறையுங்கள்" என்றேன். அவர் சிரித்தார்.

"உப்பு நமக்குத் தெரிஞ்சவன்மா, அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்."

நான் வாயை மூடிக்கொண்டது

எல்லாருக்கும் நான் பாடம் எடுத்தேன் என்று நினைக்க வேண்டாம். பண்டிகைச் சமயத்தில் குபானி கா மீட்டா என்கிற இனிப்புக்காக உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தையும் நாங்கள் பாக்கெட் போடுவோம். ஒரு அம்மா கூப்பிட்டு, அதில் 220 இருக்கிறதா என்று கேட்டார். அன்று அது ஆறாவது போன். "அம்மா, நம்பர் எல்லாம் விஷம் இல்லை" என்று ஆரம்பித்துவிட்டேன், பழம் நிறம் மாறாமல் இருக்கப் போடுவது, அனுமதி உள்ளது என்று மூச்சு விடாமல் பேசினேன்.

நான் முடித்ததும் அந்த அம்மா, தன் மகனுக்கு ஆஸ்துமா, 220 சேர்ந்த பழத்தைத் தின்றால் இழுப்பு வந்துவிடும், டாக்டர் பார்த்துச் சொல்லியிருக்கிறார் என்றார். உண்மைதான். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது, அதற்காகத்தான் அதை எழுதியே ஆக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. இருக்கிறது அம்மா, வாங்காதீர்கள் என்றேன்.

"அவ்வளவுதாங்க கேட்டேன். இனிமே யாராவது கேட்டா முதல்லயே சொல்லிடுங்க."

நாலே வார்த்தை

போன வருஷம் ஒரு பெரிய கடையிலிருந்து இஞ்சி பூண்டு விழுதுக்கு ஆர்டர் வருவதாக இருந்தது. வந்த இளைஞர் ஒரே நிபந்தனை போட்டார். பின்பக்கத்தில் நாலு வார்த்தைக்கு மேல் கூடாது, நம்பர் இருக்கவே கூடாது. எங்கள் முதலாளி ரெட்டி காரு உடனே என் பக்கம் திரும்பி, 330-ஐ எடுத்துவிடுங்கள் என்றார். காரு என்பது தெலுங்கு மரியாதை. அவர் பேசுவதும் தெலுங்கு, இங்கே தமிழில் தருகிறேன்.

முடியாது என்றேன். பூண்டு மண்ணுக்குள் விளைவது. மண்ணில் இருக்கும் ஒரு கிருமியின் விதை அதில் ஒட்டியிருக்கலாம். அரைத்து, எண்ணெய் ஊற்றி, காற்றுப் புகாமல் மூடி வைத்தால் அந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம். அதை அடக்கி வைப்பது அந்தப் புளிப்புதான். அதை எடுத்துவிட்டால் உள்ளே விஷம் ஊறலாம். அது நாறாது, பொங்காது, நிறம் மாறாது. சாப்பிட்டவருக்குக் கண் இமை தொங்கி, பேச்சுக் குழறி, மூச்சு நின்றால்தான் தெரியும். வீட்டில் அம்மா புளிப்பு இல்லாமல்தானே அரைக்கிறாள் என்றார் முதலாளி. அம்மா அரைத்ததை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் தீர்த்துவிடுகிறாள், நாம் ஆறு மாதம் அலமாரியில் வைக்கிறோம் என்றேன்.

கடைசியில், ஃபோட்டோ எடுக்க மட்டும் பன்னிரண்டு டப்பா என்று ஒத்துக்கொண்டேன். எழுதியது பொய்யாகக் கூடாது என்று புளிப்பு இல்லாத விழுதையே அடைத்து, பின்பக்கம் நானே எழுதினேன்: இஞ்சி, பூண்டு, எண்ணெய், உப்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாப்பிடுவதற்கு அல்ல என்று பெரிதாக ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். படத்தில் விழும் என்று எழுதவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நான் செய்த பெரிய தப்பு அது. முதலாளி ஒரு டப்பாவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாங்கறவனே வேணாங்கறான், உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?"

பதினொன்று

வெள்ளிக்கிழமை நான் லீவு. அன்று ஃபோட்டோக்காரர்கள் வந்து வேலையை முடித்துவிட்டு, டப்பாக்களைக் கேட்டுக்குப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த மேஜை எங்கள் தொழிற்சாலையின் பழைய வழக்கம். லேபிள் கோணலாக ஒட்டியது, மூடி நசுங்கியது, சாம்பிள் மிச்சம் எல்லாம் அங்கே வரும். வேண்டியவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம், அதற்கு மட்டும் என் கையெழுத்து வேண்டாம். சனிக்கிழமை காலை பதினொன்றரைக்கு அந்த மேஜையில் நாலு வார்த்தை டப்பாக்களைப் பார்த்ததும் ஓடினேன். எண்ணினேன். பதினொன்று.

எடுத்தது பேக்கிங் பிரிவின் செல்வி. ஆம்பூர்ப் பக்கத்துக் குடும்பம், புருஷனுக்கு லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை. அவள் மகள் திவ்யா பிரசவத்துக்கு வந்து, மூன்று மாதக் கைக்குழந்தையோடு குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். பால் ஊறப் பூண்டு நல்லது என்று தினமும் மத்தியானம் பூண்டுக் குழம்பு. அதை வைப்பவளும் திவ்யாதான். நேற்றுச் சாயந்திரம் கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று, அடுப்படி அலமாரியில் இருக்கிறது என்றாள் செல்வி. திவ்யாவுக்குப் போன் போட்டோம். குழந்தை தூங்கும் நேரம், போனை அணைத்து வைத்திருந்தாள். மேஜையில் எத்தனையோ டப்பா இருக்க, அதை ஏன் எடுத்தாய் என்று கத்திவிட்டேன்.

"எல்லாரும் அதுதான் சுத்தம்னாங்க மேடம். பால் குடுக்கற பொண்ணு, அவளுக்குக் கெமிக்கல் நக்கோ, வேணவே வேணாம்னுதான் தேடி அதை எடுத்தேன்."

லாலாகுடா

செல்வியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரை விட்டேன். தார்னாக்கா சிக்னலில் நின்றபோது அவள் என் தோளைப் பிடித்திருந்த பிடி இப்போதும் நினைவிருக்கிறது. ஒன்றும் ஆகாமலே போகலாம், அந்த டப்பாவில் கிருமியே இல்லாமல் இருக்கலாம் என்று சத்தமாகச் சொன்னேன். அவளுக்காக மட்டும் சொல்லவில்லை. அதை அடைத்து ஆறு நாள் ஆகிறது, ஆறு நாளும் அது ஃபிரிட்ஜுக்கு வெளியில்தான் இருந்தது. பயந்தேன். விஷம் எது, பயப்பட வேண்டாதது எது என்று ஊருக்கெல்லாம் போனில் சொல்கிற நான், நிஜமாகவே பயப்பட வேண்டிய டப்பாவில் அழகான நாலு வார்த்தை எழுதி மேஜைக்கு அனுப்பியிருந்தேன்.

குவார்ட்டர்ஸ் வாசலிலேயே குழம்பு வாசனை. செல்வி செருப்போடு உள்ளே ஓடினாள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, தட்டு எடுத்து வைத்திருந்தது, திவ்யா தோளில் குழந்தையோடு எங்களைத் திகைத்துப் பார்த்தாள். நான் அலமாரியைப் பார்த்தேன். எங்கள் பழைய டப்பா ஒன்று, பாதி காலி. அதன் பக்கத்தில் அந்த நாலு வார்த்தை டப்பா, மூடியில் சுற்றிய பிளாஸ்டிக் பட்டை அப்படியே, பிரிக்காமல். அதைக் கையில் எடுத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. செல்வி அதற்கு முன்பே அழுதுகொண்டிருந்தாள். இதை ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன். தமிழும் தெலுங்கும் கலந்துதான் திவ்யா பேசுவாள்.

"லேது ஆன்ட்டி, தெறக்கல. பின்னாடி நம்பரே இல்ல. அம்மா கொண்டுவர்ற டப்பால முன்னூத்தி முப்பது எப்பவும் இருக்கும். இது டூப்ளிகேட் மால்னு நெனச்சேன்."

திங்கட்கிழமை

அந்தப் பிரிக்காத டப்பாவை முதலாளியின் மேஜையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். உங்கள் மருமகளுக்கு இதைக் கொடுப்பீர்களா என்றும் கேட்டேன். அவர் பன்னிரண்டையும் கணக்காக அழிக்கச் சொன்னார். பிறகு அந்தக் கடைக்கார இளைஞரைக் கூப்பிட்டு, நம்பர் இல்லாமல் தர முடியாது என்று சொன்னார். ஆர்டர் போய்விட்டது. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"குழந்தை கொஞ்சம் பெரிசாகட்டும். அந்தப் பொண்ணை உங்க லேபுக்கு எடுத்துக்குங்க."

இருபத்திரண்டு வருஷமாக நான் பொடி எழுத்தில் எழுதி வந்ததை ஒழுங்காகப் படித்த ஒரே வாசகி லாலாகுடாவில் இருக்கிறாள், மற்றவர்கள் எல்லாரும் இன்னும் போனில் இருக்கிறார்கள்.