பலகையில் மிச்சமிருந்த டோக்கன்

வேலை நிமித்தம் வெளிநாடு போகிறவர்களுக்கு அந்த ஊர்ப் பழக்கவழக்கங்களைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. கைகுலுக்குவது, முள்கரண்டி பிடிப்பது, முடியாது என்றால் முகத்துக்கு நேராகச் சொல்வது, எல்லாவற்றுக்கும் வகுப்பு உண்டு. ஆனால் என்னிடம் பாஸ்போர்ட்கூடக் கிடையாது. காலையில் தங்கவயல் ஊரிகத்தில் ரயிலேறிப் பெங்களூரில் இறங்குவேன், மாலையில் திரும்புவேன். நான் கண்ட உலகம் அவ்வளவுதான்.

போன வருடம் எங்கள் கம்பெனியிலிருந்து ஆறு பொறியாளர்கள் ஆஸ்திரேலியாவில் ஒரு தங்கச் சுரங்கத்துக்குக் கிளம்பினார்கள். சுரங்கத்துக்குள் கணினிக் கருவிகள் பொருத்தும் வேலை. மேலாளருக்கு என்மேல் நம்பிக்கை இல்லை.

"அங்கே போய் வந்தவங்க யாரையாவது வெச்சு நடத்தலாம்னு இருக்கேன். இந்த ஆறு பேரை மட்டும் நீங்க பாருங்க. புகார் வந்தா அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

அப்புறம் பேச ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். எரிச்சலாக வந்தது. தங்கச் சுரங்கத்தைப் பற்றித் தங்கவயல்காரிக்குத் தெரியாததை வேறு எவர் வந்து நடத்தப்போகிறார்?

முதல் நாளே வகுப்பு வாசலில் ஒரு பலகை மாட்டினேன். ஆறு ஆணி, ஆறு டோக்கன். உள்ளே வரும்போது டோக்கனை மாட்ட வேண்டும், வெளியே போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். சுரங்கத்தில் இதுதான் முதல் மரியாதை. ஷிஃப்ட் முடிந்தும் ஒரு டோக்கன் தொங்கினால் ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அவனைக் கண்டுபிடிக்கும்வரை பாறைக்கு வெடி வைக்க மாட்டார்கள். இதையெல்லாம் சொன்னேன்.

"எல்கேஜி மாதிரி இருக்கு மேடம்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் மாலை ஒரு டோக்கன் தொங்கியது. சாட்சாத் அந்த எல்கேஜிக்காரருடையதுதான். போன் செய்தேன்.

"ஹெப்பால் தாண்டிட்டேன் மேடம். நாளைக்கு எடுத்துக்கிறேன்."

"நீங்க இன்னும் கீழேதான் இருக்கீங்க. மேலே வந்துட்டு வீட்டுக்குப் போங்க."

மற்ற ஐந்து பேரையும் அனுப்பவில்லை. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். என் ரயிலும் போய்விட்டது. அவர் வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் டோக்கனை எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையிலேயே புகார் போய்விட்டது.

"அவங்க இன்ஜினியர்ங்க. சுரங்கக் கூலிங்க இல்ல" என்றார் மேலாளர்.

சுருக்கென்றது. சுரங்கம் மூடும்வரை அந்தக் கூலிதான் என் அப்பா. "இவங்க கிளம்புற வரைக்கும் பலகை அங்கேதான் இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வகுப்புக்கு வேறு ஆள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆறு பேரும் போய் இரண்டாவது வாரம், ஒரு பிற்பகல், ஹெப்பால்காரரிடமிருந்து செய்தி வந்தது. "மேடம், இன்னைக்கு இங்கே ஒரு டோக்கன் மிச்சம். எங்களோடது இல்ல. 'நீங்க வெளியாளுங்க, கிளம்பலாம், பஸ் நிக்குது'ன்னாங்க. நாங்க ஆறு பேரும் ஏறலை. அவங்களோடயே நின்னோம். யார் உங்களுக்குப் பயிற்சி கொடுத்ததுன்னு கேட்டாங்க." சற்று நேரத்தில் அந்தச் சுரங்கத்திலிருந்து மேலாளருக்கே பாராட்டி மின்னஞ்சலில் கடிதம் வந்தது. அவர் என் மேசைக்கு வந்து, அடுத்த வகுப்பு எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். நானும் நாட்காட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, கொஞ்சம் காக்க வைத்துத்தான் தேதி சொன்னேன்.

ரயில் முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டு, செய்தியை உரக்கப் படித்தேன். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். மேலாளரின் முகம் போன போக்கை நடித்தும் காட்டினேன்.

அப்பா சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். "அந்த ஆளு இன்னா ஆனான்?"

"எந்த ஆளு?"

"டோக்கன் மாட்டிகினு வராம இருந்தவன்."

நான் கேட்கவே இல்லை. என் பெருமையில் எனக்கு அது தோன்றவே இல்லை. அவசரமாகப் போனை எடுத்துக் கேட்டேன். அங்கே தூங்கும் நேரம். ஆனாலும் பதில் வந்தது: "கிடைச்சுட்டார் மேடம். டோக்கனை மறந்துட்டு கேன்டீன்ல டீ குடிச்சிட்டிருந்தார்."

"மேல வந்துட்டான் இல்ல?" என்றார் அப்பா.

"வந்துட்டார்ப்பா."

குழம்பு ஆறிப்போயிருந்தது. சூடு பண்ணித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் முதல் வாய் எடுத்துச் சாப்பிட்டார்.