சூசையப்பர் பக்கத்தில் ஒரு டிராக்டர்

என் மேசைக்கு மேலே இருக்கும் கண்ணாடி அலமாரியில் பதினோரு கார்கள் நிற்கின்றன. ஒன்றுகூட ஒரு சாண் நீளம் இல்லை. எல்லாம் நானே துண்டு துண்டாக ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்தவை. வீட்டுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். பார்த்துவிட்டு ஆளுக்கு ஆள் ஒரே கேள்வி.

"பானட் எங்க? ஒடஞ்சிடுச்சா?"

உடையவில்லை. அது அப்படித்தான். அதற்கு ஹாட் ராட் என்று பெயர். அமெரிக்காக்காரன் பழைய காரை எடுத்து, பானட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே பெரிய இஞ்சினை வைத்து எல்லாரும் பார்க்கட்டும் என்று திறந்தே விடுவான். பின்சக்கரத்தைப் பெரிதாக்குவான், கூரையை வெட்டித் தாழ்த்துவான், பக்கவாட்டில் நெருப்பு வரைவான். நான் செய்வது அந்த வண்டிகளின் சின்ன உருவம். இதை விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்துவிட்டது. இப்போதெல்லாம் "ஆமா, ஒடஞ்சிடுச்சு" என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

கோபப்பட எனக்குத் தகுதியில்லை என்பதும் தெரியும். அந்தக் கேள்வியை முதலில் கேட்ட ஆள் நான்தான். கேட்டதோடு விடாமல் பானட்டும் செய்து மாட்ட வைத்தேன்.

அப்போது நான் ஆறாவது படித்தேன். நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மழை விட்ட காலையில் தூரத்தில் கல்வராயன் மலை கழுவி வைத்த மாதிரி தெரியும். அப்பா இன்னொருவருடைய டிராக்டரை ஓட்டினார். சீசன் வந்தால் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றுவார். அம்மாவின் தம்பி, என் மாமா, வளைகுடாவில் பெயிண்டர். எங்கள் ஊரில் பெயிண்டர் என்றால் சுவருக்கு அடிக்கிறவர். மாமா அங்கே ஏதோ பெரிய பெரிய கட்டிடங்களில் கயிறு கட்டித் தொங்குகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அம்மா தினமும் ஜெபத்தில் "அந்தக் கயிறு அறுந்திடாம பாத்துக்கோ ஆண்டவரே" என்று கேட்டுக்கொள்வார். மாமா கயிற்றைப் பற்றி எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில், மாமாவோடு வேலை செய்த மணலூர்பேட்டைக்காரர் ஒருவர் லீவில் வந்தார். மாமா எனக்குக் கொடுத்தனுப்பியது என்று ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். பெட்டி பெரிதாக இருந்ததாம். அவருடைய போர்வை உள்ளே போகவில்லையாம். அதனால் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே இருந்ததை மட்டும் பையில் கட்டிக்கொண்டு வந்தாராம். பெட்டிமேல் இருந்த படமும், எப்படிச் சேர்ப்பது என்ற தாளும் அதோடு போயின. அந்த மனிதர்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் உண்டு. ஒரு போர்வைக்காக!

பையைத் தரையில் கொட்டினோம். பிளாஸ்டிக் சட்டங்களில் நூற்றுக்கணக்கில் சிறு சிறு துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கொஞ்சம் வெள்ளியாக மின்னியது. நான்கு ரப்பர் டயர்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். "உன் தம்பி இன்னா, ஒடஞ்ச சாமானா பாத்து வாங்கி அனுப்பிக்கிறான்?"

"சும்மா இருங்க. அது சேக்கிறது."

"இன்னாத்த சேக்கிறது?"

அது அம்மாவுக்கும் தெரியவில்லை. அப்பா டயர்களைக் கையில் எடுத்தார். இரண்டு பெரிது, இரண்டு சிறிது. ஜோடி ஜோடியாகத் தரையில் நிற்க வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அவர் முகம் மாறியது. பல வருஷமாக டிராக்டர் ஓட்டுகிற ஆளிடம், பின்னால் பெரிய சக்கரமும் முன்னால் சின்னச் சக்கரமும் கொடுத்தால் வேறு என்ன தோன்றும்?

"டிராக்டருடி பாப்பா!" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா போன் செய்தபோது அப்பாவின் செல்லைப் பிடுங்கி நானே உறுதி செய்துகொண்டேன். அந்தப் பேச்சை இன்றைக்கும் வரி பிசகாமல் சொல்வேன்.

"மாமா, பின்னாடி சக்கரம்தான பெருசு?"

"ஆமாண்டி, பின்னாடிதான்."

"இஞ்சின் வெளிய தெரியணுமா?"

"தெரியணும்! அதான் அதுக்கு அழகே!"

"கலரு செவப்புதான?"

"ஐயோ, எப்டிடி கண்டுபுடிச்ச? செவப்பேதான். கெட்டிக்காரிடி நீ. கிறிஸ்மசுக்கு வரேன், வந்து பாக்கறேன், செஞ்சி வை."

மாமாவின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். டிராக்டர் என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை, கார் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. இரண்டு பேரும் திருப்தியாகப் போனை வைத்தோம்.

அப்புறம் வேலை ஆரம்பித்தது. பாதிக்கு மேல் அப்பாதான் செய்தார். கரும்பு வெட்டு தொடங்காத நாட்கள். மோட்டார் கொட்டகையிலிருந்து பைப் ஒட்டுகிற பசை கொண்டுவந்தார். நன்றாகப் பிடித்தது, அளவுக்கு மீறிப் பிடித்தது. ஒரு ஹெட்லைட் உருகிக் கொழகொழவென்று போய்விட்டது. "பரவால்ல, நம்மூரு டிராக்டருக்கு எதுக்கு ரெண்டு கண்ணு?" என்றார் அப்பா.

புகைக்குழாய்தான் பெரிய தலைவலி. பக்கத்துக்கு நான்காக மொத்தம் எட்டுக் குழாய். டிராக்டருக்கு ஒன்று போதும். அப்பா பிளேடால் ஒன்றை அறுத்து இஞ்சின்மேல் நேராக நட்டார். மற்ற ஏழையும் நான் பத்திரப்படுத்தினேன். கதவு இரண்டையும் ஒதுக்கினோம். டிராக்டருக்குக் கதவு ஏது? கூரையையும் ஒதுக்கினோம், கண்ணாடியையும் ஒதுக்கினோம். எல்லாம் முடித்துப் பார்த்தால் இஞ்சினுக்கு மேலே மொட்டையாக இருந்தது.

"பானட் எங்கப்பா?" என்றேன்.

தேடினோம். இல்லை. அந்த மணலூர்பேட்டைக்காரர்தான் வழியில் தொலைத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டி அவரைத் திட்டினோம். அப்பா காலியான பவுடர் டப்பாவை வெட்டி, வளைத்து, அச்சு அசலாக ஒரு பானட் செய்தார். பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் அடித்து மிச்சமிருந்த சிவப்புப் பெயிண்டின் ஏட்டைக் குச்சியால் விலக்கி, முழு வண்டிக்கும் இரண்டு கோட்டிங் கொடுத்தோம். இனிப்புப் பெட்டியில் ட்ரெய்லர். விளக்குமாற்றுக் குச்சியை ஒரே அளவாக நறுக்கிக் கரும்புக் கட்டு. நான் பார்த்ததிலேயே அழகான டிராக்டர் அதுதான். அப்பா கவிழ்ந்து படுத்துக்கொண்டு கன்னத்தைத் தரையில் வைத்து அதைப் பார்ப்பார். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் நிஜமாகத் தெரியும் என்பார்.

இந்த அழகை அலமாரியில் வைத்துப் பூட்டுவதா? கிறிஸ்துமஸ் குடிலில் வைப்பது என்று தீர்மானித்தேன். எங்கள் பங்குக் கோயிலில் வருஷா வருஷம் குடில் போட்டி நடக்கும். இருபத்து நாலாம் தேதி மத்தியானம் ஃபாதரும் ஒரு சிஸ்டரும் வீடு வீடாக வந்து மார்க் போடுவார்கள். எதிர்வீட்டில் மோட்டார் வைத்து அருவியே விட்டிருந்தார்கள். எங்களிடம் மோட்டார் கிடையாது. ஜெயிக்க வேண்டுமென்றால் டிராக்டர்தான் ஜெயிக்க வேண்டும். எனக்கு அந்தப் போட்டி உயிர். முந்தின இரண்டு வருஷமும் ஆறுதல் பரிசாக சோப்பு டப்பா வாங்கி நொந்து போயிருந்தேன்.

சிமென்ட் தாளைக் கசக்கி மலை செய்தேன். சந்தேகமே வேண்டாம், கல்வராயன் மலைதான். முளைவிட்ட கேழ்வரகு வயல். கரும்புத் தோகையில் கொட்டகை. ஒதுக்கி வைத்த சாமான்கள் ஒன்றுகூட வீணாகவில்லை. கார்க் கண்ணாடி குளமானது. ஏழு புகைக்குழாயும் இடையர்களின் கையில் கோலாயின. கார்க் கூரையைக் கவிழ்த்து வைக்கோல் பரப்பினால் தொட்டில், அதில் குழந்தை ஏசு. சூசையப்பர் பக்கத்தில் கரும்பு லோடோடு டிராக்டர். சூசையப்பர் அதைவிட உயரம். அதனால் என்ன?

இருபத்து மூன்றாம் தேதி மாமா வந்தார். பெட்டியை வாசலில் வைத்ததும் "எங்கடி வண்டி?" என்றுதான் கேட்டார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குடில் முன்னால் நிறுத்தினேன்.

மாமா பார்த்தார். குனிந்து பார்த்தார். தொட்டிலைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், இடையர்களின் கையைப் பார்த்தார். பவுடர் டப்பா பானட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"யாரு செஞ்சது மாமா, நீங்களா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"நானும் பாப்பாவும். எப்டிக்கீது மச்சான்?"

"சூப்பரா கீது மாமா" என்றார் மாமா. "லோடு ஏத்திக்கினு ஆலைக்குப் போற மாதிரியே கீது."

மறுநாள் காலை பாட்டுப் பயிற்சிக்குக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். குடிலின் முன்னால் மாமா சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் என் டிராயிங் பிரஷ். அதன் முடியைப் பிளேடால் செதுக்கி ஊசி மாதிரி ஆக்கியிருந்தார். பக்கத்தில் மாட்டுக் கொம்புக்கு அடித்து மிச்சமிருந்த மஞ்சள் பெயிண்டும் கொஞ்சம் வெள்ளையும். டிராக்டரைப் பார்த்தேன்.

பானட்டின் முனையிலிருந்து நெருப்பு கிளம்பிப் பக்கவாட்டில் நாக்கு நாக்காகப் பின்னால் ஓடியது. உள்ளே மஞ்சள், நடுவில் ஆரஞ்சு, ஓரத்தில் முடி கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. ஒரு நாக்குகூட இன்னொன்று மாதிரி இல்லை. ஆனால் இடப்பக்கமும் வலப்பக்கமும் கண்ணாடியில் பார்ப்பது போல ஒன்றாக இருந்தன.

நான் வீறிட்டேன்.

"இன்னா மாமா பண்ணி வச்சிக்கிற!"

"நல்லா பாருடி. வேகமா ஓடற வண்டி..."

"கரும்பு ஏத்திக்கினு போற வண்டிக்கு எதுக்கு நெருப்பு? கரும்பு எரிஞ்சிடாதா?"

அப்பா எட்டிப் பார்த்தார். "மச்சான், ரேடியேட்டர்ல தண்ணி இல்லாம ஓட்டின மாதிரி கீதே" என்றார். மாமா சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்தார். அதைப் பிரித்து, உள்ளே விரலை விட்டு, "இங்க வா, உனக்கு ஒண்ணு காட்டறேன்" என்றார்.

நான் போகவில்லை. மிட்டாய் வாங்கப் பணம் கொடுத்துச் சமாளிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். காலை உதைத்துக்கொண்டு இன்னும் உரக்க அழுதேன். என் பிரஷ் போச்சு, என் டிராக்டர் போச்சு, ஃபாதர் மத்தியானம் வந்துவிடுவார், சோப்பு டப்பாதான் கிடைக்கும். எனக்குத் தெரிந்த எல்லாக் குறைகளையும் வரிசையாகச் சொல்லி அழுதேன்.

"நீதான வரைஞ்ச, நீயே தொட!"

மாமா பர்ஸை மூடிப் பைக்குள் வைத்தார். "செரிடி, அழுவாத. தொடச்சிட்டா போச்சு" என்றார்.

மத்தியானம் ஃபாதர் வந்தபோது டிராக்டர் பளிச்சென்று சிவப்பாக நின்றது. "பெத்லகேம்ல ஏதுப்பா டிராக்டரு?" என்று கேட்டார். அப்பா சளைக்கவில்லை. "கேவுரு மட்டும் பெத்லகேம்ல மொளச்சுதுங்களா ஃபாதர்?" என்றார். சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். ஃபாதர் நெடுநேரம் குனிந்து தொட்டிலையே பார்த்தார். அது என்ன பொருள் என்று அவருக்கும் புரியவில்லை. இரண்டாம் பரிசு கிடைத்தது, எவர்சில்வர் தூக்கு. முதல் பரிசு அருவிக்குத்தான். அந்தத் தூக்கு இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. அதில்தான் தின்னர் ஊற்றி பிரஷ் கழுவுகிறேன்.

அதற்குப் பிறகு மாமா வளைகுடாவில் ஐந்தாறு வருஷம் இருந்துவிட்டு ஊருக்கே வந்துவிட்டார். கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஷெட் போட்டார். திறப்புவிழா அன்று சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. பர்ஸில் மடிந்து கிடந்த கோடு நடுவில் தெரிந்தது. சிவப்பு நிறத்தில் நிஜக் கார். பின்னால் பெரிய சக்கரம், முன்னால் சின்னச் சக்கரம், பானட் இல்லாத இஞ்சின். பக்கத்துக்கு நான்கு புகைக்குழாய். முன்னாலிருந்து பின்னால் ஓடுகிற நெருப்பு, அதே நாக்குகள். காருக்குப் பக்கத்தில் பிரஷ்ஷோடு குந்தியிருக்கிறார் மாமா. அவர் தொங்கிய கயிறு எதுவும் படத்தில் இல்லை.

மாமா என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "பானட் இல்லடி, உங்க அப்பன கூப்புடு" என்றார்.

அதற்குப் பிறகுதான் நான் இந்தப் பைத்தியம் பிடித்து அலைய ஆரம்பித்தேன். பதினோரு வண்டி முடித்துவிட்டேன். ஒன்றில்கூட அந்த நெருப்பு வரவில்லை. இரண்டு பக்கமும் ஒன்றாக வர மாட்டேன் என்கிறது. மாமாவைக் கேட்டால் வரைந்து தருவார். கேட்க வாய் வரவில்லை.

அன்றைக்குக் குடிலின் முன்னால் மாமா மண்ணெண்ணெயில் பஞ்சை நனைத்து அந்த நெருப்பைத் துடைத்தார். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேலே நின்று மேற்பார்வை பார்த்தேன். ஒவ்வொரு நாக்காக, நுனியிலிருந்து அடிவரை, வரைந்த வழியிலேயே திரும்பிப் போய் எடுத்தார். அடியில் இருந்த சிவப்பில் ஒரு கீறல் விழவில்லை. வரைய எவ்வளவு நேரம் எடுத்ததோ தெரியாது, துடைக்க ரொம்ப நேரம் எடுத்தது.

"மாமா சூப்பரா தொடைக்கிறாரும்மா" என்று ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.