புங்குடுதீவில் வாங்கிய கிராபிக்ஸ் கார்ட்

ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த புதிதில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதினொரு வருடம் தெற்கில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாக இருந்தவள் நான். அங்கே எட்டு மணி நேரமும் ஓட்டம்தான். இங்கே நாலு பேருக்கு மருந்து கொடுத்து, இரண்டு பேருக்குக் காயம் கட்டியதும் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன்.

நாரந்தனையில் வீட்டுக்கு வந்தாலும் அதே நிலைதான். தங்கச்சி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். பின்னேரம் அவள் கொப்பி திருத்த, நான் குசினிக்கும் முற்றத்துக்குமாக நடப்பேன்.

"ஒரு இடத்தில இருங்கோ அக்கா. எனக்குத் தலை சுத்துது," என்பாள்.

தெற்கில் என் அறைத்தோழியிடம் கேம் விளையாடவென்றே வாங்கிய மடிக்கணினி ஒன்று இருந்தது. வேலை முடிந்து வந்து இருவரும் மாறி மாறி விளையாடுவோம். குதிரையில் ஏறி மலை, காடு என்று போய்க்கொண்டே இருக்கும் ஒரு கேம். அந்த நேரம் மட்டும் என் மனம் ஓரிடத்தில் நிற்கும். அதை ஓட்டக்கூடிய ஒரு கொம்பியூட்டரை, பாகங்களை நானே தெரிந்தெடுத்து, நானே பொருத்துவது என்று முடிவெடுத்தேன்.

முடிவெடுத்த பிறகு இன்னும் மோசம். பிரொசெசரை மாற்றினால் மதர்போர்ட் பொருந்தவில்லை. மதர்போர்டை மாற்றினால் ராம் பொருந்தவில்லை. காலையில் ஒரு வீடியோ பார்த்து எழுதியதைப் பின்னேரம் இன்னொரு வீடியோ பார்த்து வெட்டினேன். பவர் சப்ளைக்கு மட்டும் இரண்டு கிழமை போனது. யாழ்ப்பாணத்துக்கு இரண்டு தரம் பஸ் ஏறிப் போய் ஒன்றும் வாங்காமல் திரும்பினேன். மூன்றாம் தரம் கடைக்காரர் கதிரையை இழுத்துப் போட்டு, "இண்டைக்காவது ஒரு முடிவோட வந்தனீங்களோ?" என்று கேட்டார்.

அன்று, கேமின் காட்சிகளைத் திக்காமல் ஓடவைக்கும் கிராபிக்ஸ் கார்டைத் தவிர மற்ற எல்லாம் வாங்கினேன். நான் விரும்பிய கார்ட் கடையில் எட்டாத விலை.

இரண்டு நாள் கழித்து, புங்குடுதீவில் ஒருவர் அதே கார்டை விற்பதாக இணையத்தில் போட்டிருந்தார். போனில் கதைத்துவிட்டு, டியூட்டி முடிந்த கையோடு வெள்ளைச் சட்டையுடனேயே ஸ்கூட்டியை எடுத்தேன். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று. வேலணை தாண்டிக் கடலுக்கு நடுவே போகும் வீதியில் அது ஸ்கூட்டியை ஒரு பக்கமாகத் தள்ளியது. மெல்லப் போயிருக்கலாம். எனக்கு முதல் வேறு யாரும் போய் வாங்கிவிடுவார்களோ என்ற அவதி விடவில்லை.

விற்றவருக்கு முப்பது வயதிருக்கும். மனைவி பிரான்சில் இருக்கிறாராம். இவருக்கும் விசா வந்துவிட்டது, அடுத்த கிழமை பயணம். கட்டில், அலுமாரி எல்லாம் கொடுத்து முடிந்த வீட்டில் ஒரு மேசை, ஒரு கதிரை, அந்தக் கொம்பியூட்டர். அவ்வளவுதான் மிச்சம்.

"ஓடவிட்டுப் பாக்கவேணும்," என்றேன்.

"ஓம் மிஸி. பாக்காமல் வாங்கக்கூடாது." வெள்ளைச் சட்டையைக் கண்டதும், தாதிமாரை எல்லோரும் கூப்பிடுவதுபோல அவரும் மிஸி என்றுதான் கூப்பிட்டார்.

கார் ஓட்டப் போட்டி ஒன்றைத் திறந்து விளையாடத் தொடங்கினார். பத்து நிமிடத்தில் எனக்குத் திருப்தி. "இன்னும் சூடாகட்டும், அப்பதான் குறை இருந்தால் தெரியும்," என்றார். பிறகு, "இந்தச் சுற்று முடியட்டும்," என்றார். அரை மணி நேரமாயிற்று. நான் யன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

"தம்பி, விக்கிற எண்ணம் இருக்கோ?"

அவர் கையை எடுத்தார். திரையில் கார் மதிலில் போய் மோதியது.

"இருக்கு மிஸி. ஆனால் பிரிக்க மனம் வரேல்லை. முழுசா எடுங்கோவன்."

"மற்றதெல்லாம் வாங்கிப்போட்டன்."

என் பட்டியலை வாங்கிப் பார்த்தார். ராம் நல்லது, கேசிங் பரவாயில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நின்றார். "பவர் சப்ளை இந்தக் கார்டுக்குக் காணாது. என்ரயும் கொண்டுபோங்கோ, சும்மா தாறன்."

இரண்டு கிழமை மண்டையை உடைத்துத் தெரிந்தெடுத்தது அது. எனக்குச் சுள்ளென்று வந்தது. "வேண்டாம். நான் பாத்துத்தான் வாங்கினனான்."

அவர் கார்டைக் கழற்றித் துவாயில் சுற்றித் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பொருத்தினேன். திரை வெளித்தது. குதிரையும் ஓடியது. காட்டுக்குள் நுழைந்த உடனே எல்லாம் அணைந்துபோனது. திரும்பப் போட்டேன், திரும்ப அணைந்தது. மூன்று நாள் வயரை மாற்றினேன், ராமைக் கழற்றிப் பூட்டினேன்.

"தோட்டங்களில மோட்டர் போடுகினம், அதுதான் கரண்ட் குறையுது," என்றேன்.

"இப்ப ஒருத்தரும் மோட்டர் போடேல்லை அக்கா," என்றாள் தங்கச்சி.

நாலாம் நாள் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அவருக்குப் போன் எடுத்தேன். "நாளைக்கு விடிய வெளிக்கிடுறன். இண்டைக்கே வாங்கோ," என்றார்.

நான் போனபோது பவர் சப்ளையைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். பக்கத்தில் கட்டிய பெட்டிகள்.

"பிழை விட்டிட்டன்," என்றேன்.

"நானும் முதல் தரம் இதிலதான் பிழை விட்டனான். எனக்கு மதர்போர்டே எரிஞ்சு போட்டுது."

அதை மாற்றிய பிறகு குதிரை காட்டைக் கடந்தது. அன்று இரண்டு மணி நேரம் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தேன். அதற்காக எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல ஏலாது. அடுத்த கிழமையே வார்டில் தேநீர் குடிக்கும் நேரத்தில் பெரிய மொனிட்டர்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

அவருக்குக் கொம்பியூட்டரைப் படம் எடுத்து அனுப்பினேன். அடுத்த நாள் பின்னேரம் பிரான்சிலிருந்து பதில் வந்தது. சுகம் விசாரிப்பு ஒன்றுமில்லை. "முன் ஃபான் எந்தப் பக்கம் பாத்துப் பூட்டினனீங்கள்? காத்து உள்ளுக்குப் போகவேணும்."

அப்போது விளையாடிக்கொண்டிருந்தேன். கேசிங்கின் முன்னால் கையை வைத்துப் பார்த்தேன். சூடான காற்று உள்ளங்கையில் வந்து அடித்தது. குதிரையை மலைச் சரிவிலேயே விட்டுவிட்டுத் திருப்புளியைத் தேடினேன்.

தங்கச்சி கொப்பியிலிருந்து நிமிர்ந்தாள். "திரும்பவும் கழட்டப்போறியளோ?"

"ஒண்டை மட்டும்," என்றேன்.