காண்டிடோவின் இடது கை

எங்கள் மலிவாயான் ஊரில் கொல்லன் காண்டிடோவைத் தலைவனாக்கியது ரத்தம். திருவிழா நண்பகலில் கொள்ளையர் தேவாலயத்துக்குள் புகப் பார்த்தபோது, வாசலில் ஒற்றை ஆளாக நின்று சம்மட்டியால் மூன்று மண்டைகளைப் பிளந்தான். அந்த ஆண்டே ஊர்ப் பெரியவர்கள் அவனைக் கப்பித்தானாக, அதாவது ஊர்த்தலைவனாகத் தேர்ந்தெடுத்தார்கள். பாதிரியார் தலையசைத்தார். மணிலாவிலிருந்து பதவிக்கு அடையாளமாக வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி வந்தது.

"தடியைப் பிடிச்சுக்கிட்டே துருத்தி ஊதப் போறியா கப்பித்தான்?" என்று கேலி செய்வார், தென்னங்கள் இறக்கும் பஸ்தோர்.

"ஊதத்தான் போறேன் அண்ணே. அதுல முதல்ல உங்க நாக்கைக் காய்ச்சி அடிக்கணும்."

மனைவியை அம்மைக்குப் பறிகொடுத்தவனுக்கு மிஞ்சிய ஒரே உயிர் மகள் செவேரா. இடதுகைக்காரி. எங்கள் வெட்டுக்கத்திகளுக்கு ஒரு பக்கம்தான் சாணை. வலது கைக்கு வலப்பக்கம் சரிவு. மகளுக்காக மட்டும் அவன் இடப்பக்கம் சரித்து ஒரு கத்தி அடித்தான்.

ஒரு காலையில் அந்தக் கத்தி, கரும்புக் கொல்லையில் ஒரு ஸ்பானியக் காவல்படைச் சிப்பாயின் கழுத்தில் பாய்ந்து நின்றது.

கிழிந்த சட்டையோடு செவேரா உலைக்கூடத்துக்கு ஓடிவந்தாள். "அப்பா, இழுத்துக் கீழ தள்ளினான்... வெட்டிட்டேன்."

"கத்தி?"

"அவன்கிட்டயே இருக்கு."

இரும்பு குளிர்விக்கும் தொட்டியில் அவள் கைகளை முக்கிக் கழுவினான் காண்டிடோ. தண்ணீர் சிவந்தது. "வீட்டை விட்டு வெளிய வராதே. என்ன சத்தம் கேட்டாலும்."

சத்தம் கேட்டது. காண்டிடோ கைத்தடியோடு தேவாலயத் திடலுக்குப் போனான். அங்கே காவல்படையினர் ஊர் ஆண்களைக் கம்பத்தில் கட்டி, பிரம்பால் தோலை உரித்துக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் ரத்தம் காய்ந்த கத்தி.

"நீ அடிச்ச கத்திடா இது! யாருக்கு அடிச்ச?" என்று உறுமினான் ஸ்பானியப் படைத்தலைவன்.

"எனக்குத்தான் துரை. நான்தான் வெட்டினேன். இவங்களை அவுத்து விடுங்க."

அப்போது கம்பத்தில் தொங்கிய பஸ்தோர், தன் நண்பனைக் காப்பாற்றும் வெறியில் கத்திவிட்டார். "பொய் துரை! அது இடதுகைக் கத்தி! கப்பித்தான் வலதுகைக்காரன்!"

ஐயோ, அந்த அன்பே நஞ்சாக வேண்டுமா! என்ன சொல்லிவிட்டோம் என்று உணர்ந்த பஸ்தோர் உதட்டைக் கடித்துக் கிழித்துக்கொண்டார்.

படைத்தலைவன் சிரித்தான். "அப்படியா? இந்த ஊர்ல இடதுகைக்காரன் எவன்?"

சிலருடைய கண்கள் தம்மையறியாமல் உலைக்கூடத்தின் பக்கம் திரும்பின.

காண்டிடோ கைத்தடியைக் கீழே போட்டான். ஆயுளெல்லாம் பழுத்த இரும்பைக் கிடுக்கியில் பிடித்து வைத்திருந்த கை அவனுடைய இடது கை. அது பாய்ந்து கத்தியை எடுத்தது. ஒரே வீச்சு. துரையின் சிரிப்பு முகத்திலேயே இருக்க, தலை தோளில் சாய்ந்தது.

"பார்த்துக்கங்கடா! நான்தான் இடதுகைக்காரன்!"

துப்பாக்கிகள் வெடித்தன. அவன் விழுந்த பிறகும் வெடித்தன.

அதன்பின் காவல்படை வேறு யாரையும் தேடவில்லை. ஆனாலும் அடக்கத்தன்று கல்லறையைச் சுற்றித் துப்பாக்கியோடு நின்றது. செவேரா குனிந்தாள். பழக்கத்தில் மண்ணள்ள இடது கை நீண்டது. முதுகெல்லாம் புண்ணான பஸ்தோர், அவளைத் தாங்குவதுபோல அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

"வலது கையால போடு, மகளே," என்றார் காதோரம். "உங்கப்பன் செத்தது அதுக்குத்தான்."

அவள் வலது கையால் மண் போட்டாள்.