டயரில் ஒரு சாக்பீஸ் கோடு

வெல்டருக்கு மனைவியின் தம்பியைப் பிடிக்காது. காரணம் கேட்டால், வெளியே சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இருக்காது. அந்தத் தெருவின் இரும்புக் கதவுகளில் பாதி அவர் பற்றவைத்தவை. இருபத்திரண்டு வருட வேலையில் ஒரு கண் எப்போதும் கலங்கியே இருக்கும். ஆனால் வீட்டில் மின்விசிறி நின்றால்கூட மனைவி சொல்வது ஒன்றுதான்: "தம்பி வரட்டும், அவன் கை வெச்சா ஓடிடும்." கேட்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும்.

தம்பி ஒரு பழைய பிக்கப்பை வாங்கி, உயரம் கூட்டி, இடுப்பளவு டயர் மாட்டி, பாறை, சேறு என்று பார்க்காமல் ஏற்றுகிறவன். ஏற்றி ஏற்றியே பின் சக்கரங்களைத் தாங்கும் ஆக்சிலை முறித்தான். வேறு யாராவது முறித்திருந்தால் ஊர் சிரித்திருக்கும். இவனைச் சுற்றி நின்று கதை கேட்டது. பழைய இரும்புக் கடையில் பெரிய வண்டியின் ஆக்சில் ஒன்றைத் தேடிப் பிடித்து வந்தான். ஸ்பிரிங் பட்டை உட்காரும் தட்டுகளை அதில் பற்றவைக்க மாமாவைக் கூப்பிட்டான்.

"மாமா, நீங்க வெல்டு மட்டும் போட்டுக் குடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அந்த 'மட்டும்' சுருக்கென்று தைத்தது.

காலையிலேயே வேலை முடிந்தது. வெல்டர் வீட்டு வாசலில் நின்ற வண்டிக்கடியில் ஆக்சிலை நிறுத்தி, சக்கரங்களை மாட்டிவிட்டு, தம்பி போல்ட் வாங்கப் போனான். சும்மா இருக்குமா வெல்டரின் கை? டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். எதிர்ப்பக்கச் சக்கரத்தை அசையாமல் கட்டிவிட்டு, இதை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, நடுவில் என்ஜின் பக்கமிருந்து வரும் ஷாஃப்ட் மாட்டும் முனை எத்தனை சுற்றுகிறது என்று எண்ணினார். நாலரை. முன்பக்கம் நாலுக்கும் குறைவு. போன வருடம் அவரே எண்ணியது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் ஓடப் பார்த்து மல்லுக்கட்டி, கெட்டித் தரையில் கியர் பெட்டியே உடையும். ஆக்சிலை வாங்குமுன் பார்க்க வேண்டிய கணக்கு அது. பெரிய கெட்டிக்காரன் கோட்டை விட்டிருந்தான்.

'மத்ததை அவனே பாத்துக்கட்டும்' என்று சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டார். மனைவி கொண்டுவந்த டீ அன்றைக்குத் தனியாக இனித்தது.

சாயங்காலம் வண்டி தயார். தெருவே கூடி நின்றது.

"அக்கா, ஏறு! கல்குவாரிச் சரிவுல நாலு சக்கரத்தையும் போட்டு ஏத்திக் காட்டறேன்."

வெல்டரின் வேனில் ஏறும்போதெல்லாம் இடுப்பு வலி என்று முனகுகிறவள், சின்னப் பெண்ணைப் போலத் தாவி ஏறினாள். சிரித்தாள். தன் வண்டியில் ஒருநாளும் இப்படிச் சிரித்ததில்லையே என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. சரிவின் பாதியில் பெட்டி உடைந்தால் வண்டி பின்னால் உருளும் என்பது அதற்கப்புறம்தான் தோன்றியது. எது முதலில் தோன்றியது என்பது அவருக்கே உறைத்தது.

ஓடிப்போய்க் கதவைப் பிடித்தார்.

"டேய், ஃபோர்வீல் போடாதே! முன்னாடி பின்னாடி கிரவுன் பல்லுக் கணக்கு ஒத்துப் போகல. சுத்திப் பாத்துட்டேன், நாலரை வருது."

தம்பி என்ஜினை அணைத்தான். முகம் வெளுத்துவிட்டது. இறங்கி வந்து இவர் இரு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"எனக்குத் தோணவே இல்ல மாமா. அக்காவை உக்கார வெச்சுட்டு... நீங்க இல்லேன்னா என்ன ஆயிருக்கும்!" கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான்: "பாத்தீங்களா, எங்க மாமா கண்ணு!"

எத்தனையோ வருடமாகக் காத்திருந்த வார்த்தை. கேட்டதும் நெஞ்சு நிமிரத்தான் செய்தது.

"எப்ப பாத்தீங்க மாமா?"

"இப்பதான்டா," என்றார்.

மனைவி மெல்ல இறங்கினாள். பின்சக்கரத்தின் பக்கம் போய் நின்றாள். காலையில் டீ கொடுக்க வந்தபோது அவள் கண்ணில் பட்ட வெள்ளைக் கோடு டயரில் அப்படியே இருந்தது. ஒரு தடவை அவரைப் பார்த்தாள். தம்பி திரும்புவதற்குள் கோட்டை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.