கொம்பு இடம் மாறிய புத்தகம்

மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில், பேக்கிங் பகுதியில் பதினோரு வருஷமாக வேலை செய்பவள் விக்னேஸ்வரி. படம் வரைவது அவளாகவே பழகிக்கொண்டது. லோரி ஓட்டும் ஒரு பெண்ணை வைத்து அவள் போட்ட இருபத்து நான்கு பக்கப் படக்கதையைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி அச்சுக்குக் கொடுத்திருந்தது. சனிக்கிழமை வெளியீடு.

வியாழன் பின்னேரம் அவள் கணவன் புனிதன் ஈப்போவிலிருந்து பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினான். முதல் புத்தகத்தை அவள் பிரித்துப் பார்த்தாள். படமெல்லாம் பளிச்சென்றுதான் இருந்தது. எழுத்தில்தான் கோளாறு. முன்னால் நிற்க வேண்டிய கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. இடையிடையே எழுத்தே இல்லாமல் புள்ளியால் ஆன வெற்று வட்டங்கள். ஒரு வரியைக்கூட வாய்விட்டுப் படிக்க முடியவில்லை.

அச்சகத்துக்குப் போன் போட்டாள்.

“எங்காளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதும்மா. அதுக்குத்தானே அடிக்கிறதுக்கு முன்னாடி பக்கத்தையெல்லாம் வாட்சப்ல அனுப்பினோம்? நீங்கதான் ஓகே போட்டீங்க லா,” என்றார் முதலாளி.

போட்டது உண்மைதான். டீ நேரத்தில், கணக்கெழுதும் கிராணி வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அவசரத்தில், கலரை மட்டும் பார்த்துவிட்டுத் தட்டிவிட்டாள்.

“மறுபடி அடிச்சுத் தருவீங்களா?”

“ரெண்டு வாரம் ஆகும்.”

அவளும் புனிதனும் பேனாவால் திருத்திப் பார்த்தார்கள். படுக்கப் போகுமுன் நாலு புத்தகம்தான் முடிந்தது. பெட்டியில் இருந்தது இருநூறு.

மறுநாள் ஒரு புத்தகத்தோடு தலைமையாசிரியை ருக்குமணியிடம் போய் நின்றாள். “டீச்சர், விழாவைத் தள்ளி வச்சிடலாமா?”

“அழைப்பெல்லாம் போயாச்சு விக்னேஸ். படம் அழகா இருக்குல்ல? அது போதும்.”

சனிக்கிழமை மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். கழுத்தைச் சுற்றி அது கனத்தது. மூன்றாம் வகுப்பு தனுஜா மைக்கில் முதல் பக்கத்தை வாசிக்க வந்தாள். ஒரு சொல்லில் தடுமாறினாள், அடுத்ததிலும் தடுமாறினாள். “எனக்குப் படிக்க வரல டீச்சர்,” என்று அழுதேவிட்டாள்.

விக்னேஸ்வரியால் அதைத் தாங்க முடியவில்லை. மைக்கை வாங்கினாள். “உன் தப்பு இல்லம்மா. நான்தான் சரியா பார்க்காம விட்டுட்டேன்,” என்றாள். கதை முழுவதையும் மனப்பாடமாகவே சொல்லி முடித்தாள். பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள்.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் ருக்குமணி டீச்சர் அறிவித்துவிட்டார்: “இனி சனிக்கிழமைதோறும் இவங்களே ஒவ்வொரு வகுப்புக்கா வந்து வாசிச்சுக் காட்டுவாங்க!”

எல்லாரும் கை தட்டினார்கள். தலையாட்டுவதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆறு சனிக்கிழமை ஓடிவிட்டது. புத்தகத்தை மறுபடி அச்சடிக்கும் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. அதே லோரிக்காரியின் கதையை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமையெல்லாம் இதிலேயே போக, அடுத்த கதைக்கு ஒரு கோடுகூடப் போடவில்லை.