விளக்குக்காரியைப் புதைத்த காலை

என்னால் ஓரிடத்தில் சும்மா உட்கார முடியாது. சின்ன வயதில் சர்ச்சில் பிரசங்கம் நீண்டுவிட்டால் கால் தானாக ஆடும். அம்மா தொடையில் கிள்ளுவார். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து கிள்ள ஆளில்லை, கால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. காலையில் கம்பெனி கேபில் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் போகும்போது, சீட் அதிர்கிறது என்று முன்னால் இருப்பவர் திரும்பி முறைப்பார். முறைக்கட்டும், நான் என்ன வேண்டுமென்றா ஆட்டுகிறேன்?

இந்த ஆட்டம் அடங்குவது ஒரே ஒரு வேலையில்தான். வீடியோ கேமில் வரும் ஆட்களைச் சாண் உயரத்தில் பிளாஸ்டிக் பொம்மைகளாகச் செய்து, ஃபிகர் என்று விற்கிறார்கள். கழுத்து, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் திரும்பும். அவற்றை வாங்கிச் சேர்த்து, நிற்கவைத்து, நடக்கவைத்து, நிஜ ஆள் மாதிரி தெரியும்படி படம் எடுப்பேன். தொம்மலூர் பழைய ஊர்ப் பக்கம் ஒரு சந்தில் மாடி வீடு எங்களுடையது, வாடகைக்குத்தான். ஹால் அலமாரியில் மேல் தட்டில் பைபிள், மற்ற தட்டு முழுக்க இவர்கள். என் கணவர் ஆபீஸ் நண்பர்களிடம், "எங்க வீட்ல நான் ஒருத்தன்தான் ஆம்பள, மிச்சமெல்லாம் ஃபிகர்" என்பார். வருடக்கணக்காக அதே ஜோக், அவரே சிரித்துக்கொள்வார்.

இது எப்படி ஆரம்பித்தது என்று கேட்பார்கள். கல்யாணமான புதிதில் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்டவர்கள், பிறகு கேட்பதையே நிறுத்திக்கொண்டார்கள். கேட்டபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் குழந்தைக்காகச் செய்த கடைசி முயற்சியும் நிற்கவில்லை என்று ஆனபோது லீவு போட்டுவிட்டு வீட்டில் கிடந்தேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று கணவரின் கேமை எடுத்து ஆட ஆரம்பித்தேன். அதில் ஒருத்தி வருவாள். கிழிந்த முக்காடு, கையில் தூக்கிப் பிடித்த விளக்கு, கருவிழி இல்லாத வெறும் வெள்ளைக் கண். பூமிக்கு அடியில் இருக்கும் ஓர் ஊரில் வழி தேடி நடந்துகொண்டே இருப்பாள். செத்துவிட்டால் மண்ணைப் பிளந்துகொண்டு மறுபடியும் எழுந்து நடப்பாள். அவளுடைய பொம்மையைத்தான் முதன்முதலில் வாங்கினேன். விளக்குக்காரி என்று கூப்பிடுவேன்.

"புள்ளைக்குப் பதிலா பொம்மையா?" என்று சொந்தக்காரி ஒருத்தி என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதிலாகவும் இல்லை, கிதிலாகவும் இல்லை. பிள்ளையும் வேண்டியிருந்தது, பொம்மையும் வேண்டியிருந்தது. ஒன்று கிடைத்தது, ஒன்று கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கீழ்வீட்டில் ஒரு மாமியார், மகன், மருமகள். அந்த ஆன்ட்டி இந்தச் சந்திலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழில் ஆரம்பித்து கன்னடத்தில் முடிப்பார். மருமகள் ஓசூர்ப் பக்கத்துப் பெண், அம்மா இல்லாதவள். இரண்டு முறை கர்ப்பம் கலைந்து, மூன்றாவதாக உண்டாகியிருந்தாள். அந்த இரண்டு முறையும் அவளைக் கட்டிலைவிட்டு இறங்கவிடாமல் கஞ்சி காய்ச்சி ஊட்டியது ஆன்ட்டிதான். எனக்குத் தெரியும், மாடியிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

ஆன்ட்டி மத்தியானம் கண்ணயர்ந்தால், அந்தப் பெண் படியை ஒவ்வொன்றாகப் பிடித்து ஏறி மேலே வந்துவிடுவாள். என் லீவு நாளெல்லாம் அப்படித்தான் போயிற்று. நான் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு படம் எடுக்க, அவள் நாற்காலியில் உட்கார்ந்து வெளிச்சம் திருப்ப தெர்மாகோல் அட்டையைப் பிடிப்பாள். "ஏன்க்கா இப்படிப் பாம்பு மாதிரி ஊர்றீங்க?" என்பாள். "மேல இருந்து எடுத்தா பொம்மைடி. அது ஒசரத்துக்கு நாம எறங்கினாத்தான் ஆளு" என்பேன். "எனக்கு வயிறு எறங்கட்டும், நானும் படுத்து எடுக்கறேன்" என்று சிரிப்பாள்.

இந்த வேலைக்கு என்னென்னவோ வேண்டும். புகைமூட்டத்துக்குச் சாம்பிராணி. தூசி படிந்த மாதிரி காட்ட விபூதியைவிட நைசான சாமான் கிடையாது. நெருப்புப் பொறிக்குக் குங்குமம். மெதுவாக ஊதிக்கொண்டே எடுத்தால் அப்படியே தணல் பறக்கிற மாதிரி இருக்கும். மூலையில் உள்ள மளிகைக் கடையில் இதையெல்லாம் நான் கேட்டபோது, ஞாயிற்றுக்கிழமை பைபிளோடு போகிறவளாயிற்றே என்று கடைக்காரர் என் வெறும் நெற்றியை ஒரு பார்வை பார்த்தார். பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். அந்தப் பார்வை பின்னால் இவ்வளவு பெரிய வேலை செய்யும் என்று நான் நினைக்கவில்லை.

ஒருநாள் விடியும்வரை மழை பெய்து ஓய்ந்திருந்தது. எங்கள் கேட்டை ஒட்டிய மண் கறுப்பாக, ஈரமாக, அருமையாக இருந்தது. விளக்குக்காரி மண்ணைப் பிளந்து எழும் படத்தை எத்தனை நாளாக மனதில் வைத்திருந்தேன்! கேப் வர நேரமிருந்தது. ஸ்பூனால் குழி தோண்டி அவளை இடுப்பளவு புதைத்தேன். தலையிலும் தோளிலும் விபூதியைத் தூவினேன். சுற்றிலும் குங்குமம் போட்டேன். கொட்டாங்கச்சியில் சாம்பிராணி புகைந்தது. யாரோ வண்டிக்கு நசுக்கிய எலுமிச்சம்பழம் ஒன்று ஓரமாகக் கிடந்தது. மஞ்சள் நன்றாக இருக்கிறதே என்று அதையும் தள்ளி அவள் பக்கத்தில் வைத்தேன். ஆமாம், நானேதான் வைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாலைந்து படம்கூட எடுத்திருக்க மாட்டேன், சந்து முனையில் கேப் ஹார்ன். அந்த டிரைவர் ஒரு நிமிஷம் நிற்க மாட்டார். கணவர் எழுந்ததும் எடுத்து வைக்கச் சொல்லலாம் என்று அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வழி முழுக்க போன் போட்டேன், எடுத்தால்தானே? மேம்பாலத்தில் ஏறிய பிறகு அவரே கூப்பிட்டார்.

"கீழ என்ன பண்ணி வச்சிருக்க? தெருவே கூடிருச்சு."

"ஐயோ, அது என் பொம்மைன்னு சொல்லுங்க."

"சொன்னேன். அதுக்கப்புறம்தான் கூட்டம் ஜாஸ்தி ஆச்சு."

மேம்பாலத்தில் ஏறிவிட்டால் நடுவில் இறங்க வழி கிடையாது. வண்டிகள் நகரவும் இல்லை. என் கால் ஆடிய ஆட்டத்துக்கு அன்று முன்சீட்டுக்காரர் வாயைத் திறந்தே திட்டிவிட்டார். ஆபீசில் போய்ப் பையைக்கூட வைக்காமல் லீவு சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

நான் வந்து சேர்ந்தபோது கேட்டருகே சாணி தெளித்திருந்தது. ஆன்ட்டி வாசலில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே ஜன்னலில் அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது. அழுதிருக்கிறாள்.

"ஆன்ட்டி, அது ஃபோட்டோவுக்கு வச்சது" என்றேன்.

"ஃபோட்டோவுக்குக் குங்குமம் எதுக்கும்மா?"

"நெருப்புப் பொறி மாதிரி தெரியும்."

"விபூதி?"

"தூசி மாதிரி..."

"நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. உங்க வீட்ல குங்குமமும் விபூதியும் ஏன் வாங்கறீங்க? கடைக்காரன் எல்லாம் சொல்லிட்டான். அதுவும் அமாவாசை அன்னிக்கு, எலுமிச்சம்பழத்தோட, கண்ணு தெரியாத பிசாசு ஒண்ணப் பொதச்சு வச்சு!"

அமாவாசை எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டுக் காலண்டரில் கண்ணுக்குப் படுவது வசனம்தான். நான் சொன்னது அத்தனையும் உண்மை. சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரி கேட்டது. போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். மண்ணைப் பிளந்து, புகைக்கு நடுவே, வெள்ளைக் கண்ணோடு அவள் எழுந்து வந்துகொண்டிருந்தாள். நான் எடுத்ததிலேயே சிறந்த படம் அது. ஆன்ட்டி பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

"புள்ளத்தாச்சி நடக்கற வாசல்" என்றார். "வயித்தெரிச்சல் யாருக்கு இருக்கும்னு எனக்குத் தெரியாதா? வேண்டாம்மா, பேடா. எங்களுக்கு உங்க சகவாசமே பேடா."

மாடி ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்குப் பொறாமையே வந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெண் வயிற்றில் கைவைத்தபடி படி ஏறி வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்ட நாட்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் மண்டியிட்டு, இந்தக் குழந்தையையாவது காப்பாற்றிக் கொடு ஆண்டவரே என்று கேட்டேனே, அதை யாரிடம் போய்ச் சொல்வது?

விளக்குக்காரியை ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம். இந்த ஊரில் ஓடுகிற தண்ணீர் ஏது? ராஜகால்வாய்ச் சாக்கடைதான். நான் வருவதற்குள் ஆன்ட்டியின் மகன் அவளைக் குச்சியால் தள்ளிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஸ்கூட்டரில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை எப்படிக் கழித்தேனோ. நான் படி இறங்கும் சத்தம் கேட்டாலே ஆன்ட்டி, "உள்ள வாடி" என்று மருமகளைக் கூப்பிட்டுக்கொள்வார். அவளுடைய போனும் ஆன்ட்டியின் இடுப்புக்குப் போய்விட்டது. கேட்டில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின. ஆனால் என்னைத் தின்றது அதுவல்ல. அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? ஏற்கெனவே இரண்டு போனவள். இந்த முறையும் ஆகிவிட்டால், காலத்துக்கும் அது என் கணக்கு. சந்துக்குள் ஆட்டோ திரும்பினால் எழுந்து போய் எட்டிப்பார்ப்பேன். கீழே பாத்திரம் விழுந்தால் படிவரை ஓடிப்போய் நிற்பேன். அலமாரியில் இருந்த மற்ற பொம்மைகளைத் தொடவில்லை. அவை தூசி பிடித்தன, அசல் தூசி.

"வேற வீடு பாத்துடலாமா? ஜீவனஹள்ளில உங்கம்மா வீட்டுப் பக்கமே போயிடலாம்" என்றார் கணவர்.

"போனா நான்தான் செஞ்சேன்னு ஆயிடும். நான் எங்கயும் வரல" என்று கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார்.

ஒரு மத்தியானம் ஆபீசில் இருக்கும்போது அவரிடமிருந்து போன். "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க." பேண்ட்ரியில் காபி மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்று அழுதேன். யாரோ சர்க்கரை வேண்டுமா என்று கேட்டார்கள்.

அம்மா இல்லாத பெண் என்பதால் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கீழ்வீட்டுக்கே வந்தாள். எனக்குக் குழந்தையின் அழுகைச் சத்தம் மட்டும் கிடைத்தது. தரையில் காதை வைத்துக் கேட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வைத்தேன்.

சில வாரங்கள் கழித்து, சாயங்காலம் கேபில் திரும்பி வரும்போது, கீழ்வீட்டு மகனின் நம்பரிலிருந்து போனில் ஒரு படம் வந்தது. தரையோடு தரையாக வைத்து எடுத்திருந்தது. முன்னால் ஒரு குழந்தையின் பாதம், குன்று மாதிரி; பின்னால் மங்கலாக முகம். பாதத்துக்குப் பக்கத்தில் முக்காடும் வெள்ளைக் கண்ணுமாக, விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் விளக்குக்காரி நின்றிருந்தாள்.

நம்பமுடியாமல் பெரிதாக்கிப் பார்த்தேன். கழுத்து மடிப்பில் இன்னும் குங்குமம் ஒட்டியிருந்தது. அவளேதான்.

கூடவே அந்தப் பெண்ணின் குரல் ஒன்றும் வந்தது. "அக்கா, படுத்துதான் எடுத்தேன், தையல் வலி உயிர் போகுது. இவரு அதத் தூக்கிப் போடவே இல்லக்கா. கால்வாய்ல போட மனசு வராம ஸ்கூட்டர் டிக்கியிலயே வச்சுட்டாரு. அது மேல ஒக்காந்துதான் நான் எல்லா செக்கப்புக்கும் போயிருக்கேன். ஒண்ணும் ஆகலையேன்னு அத்தைகிட்ட இன்னிக்குச் சொல்லிட்டேன். படம் எப்படி இருக்கு?"

கை பழக்கத்தில், "ஃபோகஸ் விளக்கு மேல போயிருச்சு. பாப்பா முகம் மங்கலா இருக்கு" என்று அடித்து அனுப்பிவிட்டேன். எனக்கு அறிவிருக்கிறதா?

"அப்ப நீங்களே வந்து எடுங்க" என்று வந்தது.

பையில் கேமரா எப்போதும் இருக்கும். கேபை விட்டு இறங்கிச் சந்துக்குள் ஓட்டமும் நடையுமாக வந்தேன். கேட்டைத் திறந்ததும் நின்றுவிட்டேன். ஆன்ட்டி வாசலிலேயே இருந்தார். தோளில் துவைத்த துணி, கையில் பால் பாட்டில். என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். மிளகாய் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

"மாசக்கணக்கா அது மேலயே ஒக்காந்துட்டுப் போயிருக்கா" என்றார், என்னிடமா தனக்குத்தானா என்று தெரியாமல். "தேவ்ரே! எம்புள்ளையச் சொல்லணும்."

மன்னிப்பு கேட்பாரோ என்று ஒரு கணம் நினைத்தேன், அதெல்லாம் இல்லை. திரும்பி உள்ளே போகப் பார்த்தவர், நிலைப்படியில் நின்று சொன்னார்:

"வெளிய போயிட்டு வந்த காலு. கைகால் கழுவிட்டு உள்ள வா."

பச்சைக்குழந்தையைப் பார்க்க வந்த எல்லோரிடமும் அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஓசூரிலிருந்து வந்த சித்தியிடம், எதிர்வீட்டுக்காரியிடம், அயர்ன் துணி கொண்டுவந்தவரின் மனைவியிடம். என்னிடமும் சொல்லிவிட்டார்.

குழாய் கேட்டுக்குப் பக்கத்தில், நான் விளக்குக்காரியைப் புதைத்த இடத்தில்தான் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கழுவினேன், காலைக் கழுவினேன். மறுபடியும் கையைக் கழுவினேன். முகத்தைக் கழுவினேன், அது நிற்காமல் நனைந்துகொண்டே இருந்தது.

"போதும்மா, குழாய மூடு" என்று உள்ளேயிருந்து ஆன்ட்டி கத்தினார். "தண்ணி போகுது. பாப்பா முழிச்சிட்டிருக்கா, சட்டுன்னு வா."